காரோடு கூட வரும் பாக்கி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு சடங்கு நடக்கும். பாவித்த கார் பார்க்க வந்தவர், அவருடைய மச்சான், மச்சானுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், கொஞ்சம் தள்ளி நின்று போனில் கதைத்துக்கொண்டிருக்கும் தரகர். கதவைத் திறந்து சாத்திச் சத்தம் கேட்பார்கள். பொனட்டைத் தூக்கி எஞ்சினை முறுக்குவார்கள். ஏசிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டுவார்கள். பெயிண்ட் கம்பனிப் பெயிண்டா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்கள். மீட்டர் எண்பதாயிரம் காட்டும். ‘டாக்டர் பாவிச்ச கார்’ என்பார் தரகர். கொழும்பில் விற்பனைக்கு வரும் கார்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் இந்த நாட்டு டாக்டர்கள் ஆளுக்கு ஏழெட்டுக் கார் வைத்திருந்திருக்க வேண்டும். இவ்வளவும் பார்ப்பவர்கள் குனிந்து டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களை வாசிப்பதில்லை. 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ எவ்வளவு தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் கிழடுதான். டயர் மாற்றாதவர் வேறு எதை மாற்றாமல் விட்டார் என்ற கேள்விக்கான முதல் துப்பு அந்த இலக்கங்களில் இருக்கிறது. ஒரு பழைய கார் நம்பி ஓட்டக்கூடியதா என்பதை அதன் பெயரையும் மீட்டரையும் விட, முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகளே முடிவுசெய்கின்றன. வீடு வாங்குகிறவர் மின்சாரக் கட்டணமும் சோலைவரியும் பாக்கி இருக்கிறதா என்று கேட்டுத்தான் கையெழுத்து வைக்கிறார். கார் வாங்குகிறவர் பாக்கியையும் சேர்த்தே வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் நடுவீதியில் அதைக் கட்டுகிறார்.

இன்றைக்குக் கொழும்பில் கைமாறும் கார்களில் இந்தப் பாக்கி வழக்கத்தை விடக் கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. அந்த இடைவெளியில் தான் 2022 வந்தது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஆண்டுத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. எஞ்சின் ஒயில், பில்டர், பிரேக் பேட், கூலண்ட் எல்லாம் டொலரில் வருபவை. சம்பளம் ரூபாயில் வந்தது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒயில் மாற்றியவர் எட்டாயிரத்துக்குத் தள்ளினார். பெல்ட் ‘இன்னும் ஒரு வருசம் தாங்கும்’ என்றார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றாகி, பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கான கார்கள் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. நிற்பது காருக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்கும் காரில் பற்றரி செத்துப்போகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், ஒயில் சீல் காய்ந்து சுருங்கும். அந்த ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கைதேர்ந்த கராஜ்காரரும் அவர்களில் உண்டு. ஆக, சாமானும் குறைந்து, கையும் குறைந்து, காசும் குறைந்த ஐந்து வருடங்களின் பராமரிப்பு இந்தக் கார்களுக்குள் செய்யப்படாமல் கிடக்கிறது.

பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி 1970இல் ஜார்ஜ் அக்கர்லோஃப் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 2001இல் நோபல் பரிசு கிடைத்ததற்கும் அதுவே பெரிய காரணம். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் சந்தேக விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் கழிசல்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். கொழும்பில் தடைக் காலம் இதைத் தலைகீழாக்கியது. புதுக் கார் வர வழியில்லாததால் வாங்குபவர் சந்தேகப்படுவதையே விட்டுவிட்டார். பல மாடல்களின் விலை தடைக்கு முந்தைய விலையின் இருமடங்கைத் தாண்டியபோது, நன்றாகப் பராமரித்த விட்ஸுக்கும் பராமரிக்காத விட்ஸுக்கும் இருந்த விலை வித்தியாசம் சுருங்கிப்போனது. பராமரித்தவருக்கு அதற்கான பலன் விலையில் கிடைக்கவில்லை என்றால் அடுத்தவர் ஏன் பராமரிப்பார்? விற்கும் முன் கட்பொலிஷ் போடுவது லாபம், வாட்டர் பம்ப் மாற்றுவது நட்டம் என்ற கணக்கு அப்போது சரியாகவே இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பின்னுக்குச் சுற்றுவது எவ்வளவு சுலபம் என்பது எல்லாருக்கும் தெரியும். இலக்க மீட்டர் வந்த பிறகு ஒரு லப்டொப் போதும். சுற்றாத மீட்டரும் முழு உண்மை சொல்வதில்லை என்பது தான் அவ்வளவாகக் கவனிக்கப்படாத விஷயம். பம்பலப்பிட்டிச் சந்தியிலும் கொட்டாஞ்சேனையில் துறைமுகக் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னாலும் ஊர்ந்த காரின் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைப்போம். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட அதன் எஞ்சின் 5,300 மணித்தியாலங்களுக்கு மேல் சுழன்றிருக்கும். அதே மணித்தியாலங்களில் வன்னியில் மணிக்கு 45இல் ஓடிய கார் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் போயிருக்கும். எஞ்சினுக்கு இரண்டும் ஒரே வயது, வாங்குபவர் கண்ணுக்கு மட்டும் ஒன்று குமரி, மற்றது கிழவி. காரோடு வரும் கையேடுகளில் நின்று நின்று ஓடும் பாவனை, குறுந்தூர ஓட்டம், தூசி இவற்றைக் கடும் பாவனை என்று தனியாகப் பிரித்து, ஒயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்லியிருப்பார்கள். கொழும்பின் சாதாரண நாளே அந்தக் கடும் பாவனை. இதற்கு மேல் வெள்ளவத்தையின் உப்புக்காற்று இருக்கிறது. மரைன் டிரைவ் ஓரம் ஐந்து வருடம் நின்ற காரின் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டையும் சக்கர வளைவின் உள்மடிப்பையும் கைவிரலால் தடவினாலே செதில் உதிரும். மேலே பெயிண்ட் பளபளக்கும்.

வெள்ளவத்தைக் காருக்கு உண்மையான பரீட்சை கொழும்பில் நடப்பதில்லை. வாரம் முழுக்க காலி வீதியில் ஊர்ந்த காரை நல்லூர்த் திருவிழாவுக்கோ பாடசாலை விடுமுறைக்கோ ஒரே மூச்சில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் ஓடச் சொல்கிறோம், நாலு பேரும் ஏசியும் பொதிகளுமாக. அப்போது முதலில் காட்டிக்கொடுப்பது குளிரூட்டும் தொகுதி. நம் கராஜ்களில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. கார் சூடேறுகிறது என்று கொண்டுபோனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டர் விசிறியை ‘டிரெக்ட்’ போட்டுவிடுவார்கள். சூடு இறங்கிவிடும், ஆள் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் அந்த வால்வு எஞ்சின் எண்பது பாகைக்கு மேல் போகும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கத்தான் இருக்கிறது. அது இல்லாமல் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், கணினி அதற்குப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும், சிலிண்டர் சுவரில் ஒயில் கழுவப்படும். எஞ்சின் ஏன் சூடேறியது என்ற கேள்வி, அதாவது அடைபட்ட ரேடியேட்டரோ களைத்த வாட்டர் பம்போ, அப்படியே இருக்கும். குறுக்குத் தெருவில் அது தெரியாது. வவுனியா தாண்டி வெயிலில் ஏசியோடு எண்பதில் போகும்போது தெரியும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும் வழக்கம் பக்தியால் வந்தது, அது எஞ்சின்களுக்கும் நல்லதாக முடிந்திருக்கிறது. தேங்காய் உடைக்கும் நேரத்தில் பொனட்டிலிருந்து இனிப்பாக ஒரு சூட்டு வாசம் வந்தால் அது கூலண்ட், எங்கோ கசிகிறது. இதை வாங்கும் அன்றே கண்டிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், பச்சையோ சிவப்போ தெளிந்த திரவம் இருக்க வேண்டும். துருநிறத் தண்ணீர் இருந்தால் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒயில் மூடியின் அடிப்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் களிபடிந்திருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் பேரம் பேசக் கூடாது. இவற்றுக்கு இயந்திர அறிவு வேண்டியதில்லை, இரண்டு மூடியைத் திறக்கும் துணிவு போதும்.

‘இது ஜப்பான் சாமான், லேசில் பழுதாகாது’ என்பது நாம் அதிகம் கேட்கும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. கொரோலா 121இன் 1NZ எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், ஒழுங்காக ஒயில் மாற்றினால் அது நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம் ஜப்பானிய எஞ்சினியர் என்றால் மறுபாதிக் காரணம் ஜப்பானியச் சட்டம். அங்கே தனியார் கார் வாங்கி மூன்றாம் வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனை. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் வீதியில் ஓட முடியாது. லண்டனில் இருக்கும் நம் உறவுகளைக் கேட்டால் அங்கே மூன்று வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் எம்ஓடி பரிசோதனை என்பார்கள். அதே ஜப்பான் கார் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கிய நாளோடு அந்தக் கண்காணிப்பு நின்றுவிடுகிறது. 2008இலிருந்து நமக்கு இருப்பது புகைப் பரிசோதனை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அந்தச் சான்றிதழ் வேண்டும், நல்லதுதான். ஆனால் அது சைலன்சரின் வாயிலிருந்து வருவதை மட்டும் அளக்கிறது. பிரேக் பிடிக்காத காரும் அதில் தேறலாம். ‘புகை ரிப்போர்ட் புதுசு’ என்று விற்பவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

ஜப்பான் சாமான் என்ற நம்பிக்கைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயம் டக்காட்டா எயார்பேக். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைக்க வைத்த இந்தக் குறையால் அந்த ஜப்பானிய நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. எயார்பேக்கை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட், வெக்கையும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் வருடங்கள் போகப்போகக் கெட்டு, விபத்தின்போது உலோக உறையையே சிதறடித்தது. நம்மைப் போன்ற வெப்பநிலை உள்ள மலேசியாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஜப்பானில் ஓடும் காரென்றால் உரிமையாளர் வீட்டுக்குக் கடிதம் போகும். மூன்றாம் கைக்கு மாறிக் கொட்டாஞ்சேனையில் நிற்கும் காருக்கு யார் கடிதம் போடுவார்? செசி நம்பரைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலோ உள்ளூர் முகவரிடமோ கொடுத்துக் கேட்க வாங்குபவர்தான் போக வேண்டும். எஞ்சின் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்தப் பாக்கி தீராது.

இரண்டாவது மறுப்பு இதைவிடப் புத்திசாலித்தனமானது: ‘ஓடுகிற காரை ஏன் நோண்டுகிறாய்?’ கராஜுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பழுது தொடங்குகிறது என்று பலர் சொல்வது வெறும் புலம்பல் அல்ல. புதிதாகப் பூட்டிய பாகம் தொடக்கத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்மையிலேயே கூட. மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ‘ஒரிஜினலா, ரீகண்டிஷனா, சைனாவா?’ என்பதுதான். ஒரிஜினல் பெட்டிக்குள் வேறு ஏதோ இருக்கும் சாத்தியமும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்து மாற்றச் சொல்வது முட்டாள்தனம். ஒரு நேரத்தில் ஒரு தொகுதி, அதற்குப் பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு அடுத்தது என்பதே முறை. ரீகண்டிஷன் சாமானையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை. ஜப்பானில் உடைத்த காரின் கதவு, கண்ணாடி, ஓல்டர்னேட்டர், ஸ்டியரிங் ரெக் போன்றவை பல நேரம் மலிவுப் புதுசை விட நன்றாக உழைக்கும். ஆனால் ரப்பரும் உராய்வும் சம்பந்தப்பட்ட எதையும், பெல்ட், ஹோஸ், புஷ், பிரேக் பேட் எதையும், ஏற்கெனவே வயதானதாக வாங்குவதில் அர்த்தமில்லை. ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கிழடாவதில்லை, காலண்டராலும் கிழடாகிறது. டைமிங் பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் போடாது. சில எஞ்சின்களில் அது அறுந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். வேறு சிலவற்றில் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினின் தலையே போய்விடும். ‘ஓடுகிறதே’ என்ற வாதம் அந்த நொடிவரை முழு உண்மை. பிரேக் ஒயிலும் இப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகைவரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு; ஈரம் ஏறியதும் 140 தாண்டினால் போதும். கொழும்பில் பெடல் இறுக்கமாகவே இருக்கும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்போது திரவம் மாற்றாத வருடங்கள் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.

ஹைபிரிட் கார்களில் இந்தத் தள்ளிப்போடும் கலை உச்சத்துக்குப் போயிருக்கிறது. 2003க்கும் 2015க்கும் இடையில் வந்த பிரியஸின் பெரிய பற்றரியில் 28 கட்டைகள். ஒன்று பலவீனமானால் அதை மட்டும் கழற்றி, இன்னொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்த கட்டையைப் போடுவதை இங்கே ‘செல் மாற்றுவது’ என்பார்கள். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். மற்ற 27உம் அதே வயதானவை என்பதால் அடுத்த பலவீனமான கட்டை சில மாதங்களில் முறை எடுக்கும். அணைந்த விளக்கோடு அந்தக் கார் அதற்குள் விற்பனைக்கு வந்துவிடும். பின்சீட்டுப் பக்கத்தில் பற்றரியைக் குளிரவைக்கும் காற்றுத் துவாரம் ஒன்று இருக்கிறது. அதன் வலையில் தூசி கம்பளிபோலப் படிந்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

மூன்றாவது மறுப்பாக, மொரிஸ் மைனரைக் காட்டுவார்கள். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி இறுக்கமாக இருந்தபோது இந்த நாடு ஓடியதே அந்தக் கார்களில் தானே, ‘ஸ்ரீ’ இலக்கத் தகட்டோடு அவை இன்றும் ஓடுகின்றனவே என்பார்கள். உண்மைதான், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம் ஒன்று உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்துப்போகும் அளவுக்கு நம் கைகள் அந்தக் காரை அறிந்திருந்தன. ஆனால் அந்தக் கார்கள் ஓடியது பழசாக இருந்ததால் அல்ல. ஒரே உரிமையாளர், ஒரே மெக்கானிக், முப்பது வருடம். எந்த மூட்டில் கிறீஸ் குறைகிறது என்பது இருவருக்கும் மனப்பாடம். மொரிஸ் மைனர் அடிக்கடி கிறீஸ் அடிக்கச் சொன்ன கார், அப்படியே அடித்தார்கள். இன்று எட்டு வருடத்தில் நாலு கை மாறும் அல்டோவுக்கு அந்த நினைவு இல்லை. அதன் நினைவு கடதாசியில்தான் இருக்க முடியும். அதனால் சேர்விஸ் பில்கள் அடுக்கிய ஒரு கசங்கிய கோப்பை நான் அலோய் வீலை விடவும் பெறுமதியானதாக மதிப்பேன். பில் இல்லாத காருக்கு ஒன்றும் செய்யப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேச வேண்டும். விற்பவர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

பழைய கார் வாங்குகிறவரிடம் காசு இருந்தால் அவர் ஏன் பழைய கார் வாங்குகிறார் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இறக்குமதி திறந்துவிட்டது என்றாலும் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, 18 சதவீத வற் வரி என்று அடுக்கிய பிறகு புதுக் கார் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதில்லை. இருப்பதைத் திரட்டி, லீசிங்கும் எடுத்து வாங்குகிறவரிடம் ‘பராமரிப்புக்கு ஒதுக்கு’ என்பது உபதேசமாகப் படலாம். ஆனால் ஒதுக்காவிட்டாலும் அந்தச் செலவு வரத்தான் போகிறது, லீசிங் தவணை தொடங்கிய பிறகு, இழுவை லொறிக் கூலியோடு. ஆகவே 40 லட்சம் கையில் உள்ளவர் 40 லட்சத்துக் காரைப் பார்க்கக் கூடாது. 35க்குப் பார்க்க வேண்டும். அந்த வித்தியாசத்தில் ஒரு மாடல் பழையதாகப் போகலாம், அலோய் வீல் இல்லாமல் போகலாம். மிச்ச 5 லட்சம் முதல் மூன்று மாதங்களுக்கு. என் வரிசை இது: நிறுத்துவது முதலில், அதாவது பிரேக்கும் டயரும், அடுத்தது குளிரூட்டுவது, பிறகு பெல்ட், அதற்குப் பிறகு கியர் ஒயில். சிவிடி கியர்பொக்ஸ் என்றால் தயாரிப்பாளர் சொன்ன ஒயில் மட்டுமே, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லும் கராஜை விட்டு வெளியேறிவிடலாம். ஏசியும் செட்டும் பெயிண்டும் கடைசி. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதல் மாதம் சீட் கவர், ஏழாம் மாதம் பிரேக். மெக்கானிக் விஷயத்திலும் ஒரு சின்னத் திருத்தம் தேவை. தரகரிடமிருந்து கமிஷன் வாங்காத மெக்கானிக்குக்கு, கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்ததற்கான கூலியைக் கொடுத்துவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவருக்குக் காசு கிடைத்தால்தான் அவர் அதைச் சொல்வார்.

இதைப் பற்றி இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. புதுக் கார் எடுக்க வசதியுள்ளவர்கள் தடைக் காலத்தில் இழுத்தடித்து ஓட்டிய கார்களை இப்போதுதான் கைவிடுகிறார்கள். ஐந்து வருடப் பாக்கி சந்தைக்கு இப்போதுதான் வருகிறது. அதோடு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் களனி கங்கை பெருகி, கொலன்னாவையிலும் கடுவெலையிலும் தண்ணீரில் நின்ற கார்களும் கழுவித் துடைத்து வேறு ஊர் முகவரியோடு வரும். கார்பெட்டை மாற்றிவிடுவார்கள், வாசத்துக்கு எலுமிச்சை ஸ்பிரே அடித்திருப்பார்கள். முன்சீட்டுப் பட்டியை யாரும் கடைசிவரை வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. அதை மெதுவாக, சுருள் முடியும்வரை இழுத்துப் பாருங்கள். கடைசி ஓரடியில் குறுக்காக ஒரு மண்ணிறக் கோடு இருந்தால், தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று அது சொல்லும்.